மானியம், கோதுமை மா, சலரோகம்: அமெரிக்கக் கதை கொழும்புக்குப் பொருந்துமா?

ஹவ்லொக்வாசி:

பாடசாலைப் பெற்றோர் சங்கத்துக்குச் சிற்றுண்டிச்சாலை பற்றி இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். தேடிப் பார்த்தால் எல்லாக் கட்டுரைகளும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: அமெரிக்க அரசாங்கம் சோளத்துக்கும் சோயாவுக்கும் மானியம் கொடுக்கிறது, அதனால் சோளப்பாகும் (சோளத்திலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு) எண்ணெயும் மலிந்து கிடக்கின்றன, மலிவான பெட்டிச் சாப்பாட்டைத் தின்று சனம் நோயாளியாகிறது. நம்ம நாட்டில் சோளப்பாகு எங்கே இருக்கிறது? இங்கே மானியம் என்றால் நெல்லுக்குப் பசளை. ஆனால் பிள்ளைகள் சாப்பிடுவது பணிஸ், ரோல்ஸ், பக்கற் நூடில்ஸ்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். அமெரிக்கக் கதை எவ்வளவு தூரம் உண்மை? இலங்கையில் அதற்குச் சமமானது எது? அரசாங்கக் கொள்கை மாறும்வரை காத்திராமல் ஒரு சிற்றுண்டிச்சாலை அதே காசுக்குள் எதை மாற்றலாம்? அளவுகளோடு சொன்னால் நல்லது. "ஆரோக்கியமாகச் சாப்பிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் கன்டீன்காரர் சிரிப்பார்.

நெல்லும்புல்லும்:

முதல் கேள்வி: பாதி உண்மை. அமெரிக்காவில் 1933இலிருந்து பண்ணை மானியம் இருக்கிறது. கோதுமை, சோளம், அரிசி, பருத்தி போலக் களஞ்சியத்தில் வைத்திருக்கக்கூடிய பயிர்களைச் சுற்றியே அது வளர்ந்தது. மரக்கறிக்கும் பழத்துக்கும் அதில் கிடைத்தது சொற்பம். 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, அங்கே வளர்ந்தோர் உண்ணும் கலோரியில் 56 வீதத்துக்குச் சற்று மேல் மானியம் பெறும் பண்டங்களிலிருந்து வருகிறது. அந்த உணவுகளை மிக அதிகமாக உண்பவர்களுக்கு உடற்பருமன் வாய்ப்பும் கூடுதல்.

ஆனால் இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டியில் அடைத்த தானியச் சிற்றுண்டியின் கடை விலையில் விவசாயிக்குப் போவது மிகச் சிறு பங்கு. மீதி பொதி, விளம்பரம், போக்குவரத்து, இலாபம். சோளத்தின் விலை ஐந்தில் ஒன்று ஏறினாலும் அந்தப் பெட்டியின் விலை அசையாது என்றே சொல்லலாம். அதைவிடச் சுவையான செய்தி, அமெரிக்கா சீனிக்குச் செய்வது விலையைக் குறைப்பதல்ல, கூட்டுவது. இறக்குமதிக்குப் பங்கு வரம்பு வைத்து உள்ளூர்ச் சீனியைக் காப்பாற்றினார்கள். சீனி விலை ஏறியது, சோளப்பாகு அதைவிட மலிவாகத் தெரிந்தது, 1984இல் பெரிய கோலா கம்பனிகள் இரண்டும் அதற்கு மாறின. மானியத்தை நிறுத்தினால் நோய் குறையும் என்று நேர்கோடு போடுகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

இனி நம்ம பக்கம். பசளை மானியம் 1962இல் தொடங்கியது. 2005இலிருந்து 50 கிலோ மூடை 350 ரூபாய்க்கு. 2016இல் அதை நிறுத்தி, ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் காசாகக் கொடுத்தார்கள். 2018இல் திரும்ப மூடை, 500 ரூபாய். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்கே தடை போட்டு, அதே வருஷம் நவம்பரில் பின்வாங்கினார்கள். இத்தனை ஆட்டத்திலும் மாறாத ஒன்று: பணத்தின் பெரும்பகுதி நெல்லுக்கு. பயறு, கௌபி, குரக்கன் செய்கிறவரும் மரக்கறி செய்கிறவரும் ஓரத்தில்தான்.

அதற்காக நெல் மானியத்தால்தான் சலரோகம் என்று எழுதிவிடாதீர்கள். அரசியல்வாதி அரிசியைத் தொடப் பயப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. 1953இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியபோது ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசி மலிவாக இருப்பது குற்றமில்லை. தட்டில் அரிசிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவை விலையேறியதுதான் குற்றம். உழுந்து, பயறு, கௌபி, மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்தில் உழுந்தும் மஞ்சளும் போன விலையை எல்லோரும் பார்த்தோம். உள்ளூர் விவசாயியைக் காப்பது நல்ல நோக்கம். ஆனால் விதை, நீர், களஞ்சியம் எதையும் கொடுக்காமல் கதவை மட்டும் மூடினால் விளைச்சல் கூடாது, விலைதான் கூடும்.

பிள்ளைகள் கையில் இருக்கும் பணிஸுக்கு நெல்லோடு சம்பந்தமே இல்லை. கோதுமை இங்கே விளைவதில்லை, முழுவதும் கப்பலில் வருகிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவித் திட்டத்தில் வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை அரைக்கத் தொடங்கிய பிறகு மா தீவு முழுக்கச் சீராகப் போய்ச் சேர்ந்தது. மேல்நாட்டு மானியம் நம்ம தட்டுக்கு வந்த உண்மையான வழி இதுதான்.

கணக்கன்:

மேலே சொன்னதில் அமெரிக்கப் பகுதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலைக்கும் நோய்க்கும் தொடர்பு மெல்லியது என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் அது பிழை. மானியம் சங்கிலியின் எந்தக் கண்ணியில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வயலில் விழுந்தால், பெட்டிச் சாப்பாட்டின் விலைக்கு வந்து சேருமுன் கரைந்துவிடும். எண்ணெய்ப் போத்தல், வெண்ணெய்க் கட்டி போல நேரே சமையலறைக்குப் போகும் பொருளில் விழுந்தால் இரத்தத்திலேயே தெரியும். இரண்டு உதாரணம்.

மொரிஷியஸ். 1987இல் அங்கே பங்கீட்டுச் சமையல் எண்ணெயில் பெரும்பகுதி பாம் எண்ணெய். அரசாங்கம் அதைச் சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1992இல் மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரோல் 5.5இலிருந்து 4.7 மில்லிமோல்/லீற்றருக்கு இறங்கியிருந்தது. புகைத்தல், உடற்பயிற்சி பற்றிய பிரசாரமும் கூடவே நடந்தது என்பதால் முழுப் பெருமையையும் எண்ணெய்க்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் பெரிய பங்கு அதற்குத்தான்.

போலந்து. கம்யூனிச ஆட்சி போனபோது வெண்ணெய், பன்றிக் கொழுப்பு போன்ற விலங்குக் கொழுப்புக்கு இருந்த மானியமும் போனது. சனம் மலிவான தாவர எண்ணெய்க்கு மாறியது, பழ இறக்குமதியும் கூடியது. 1991இலிருந்து இதய நோய் மரணங்கள் இறங்கத் தொடங்கின. இவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆக இலங்கையில் பார்க்க வேண்டியது பசளையை அல்ல, துறைமுகத்தை. சீனி, பாம் எண்ணெய், கோதுமை மூன்றிலும் வரி ஒரு வர்த்தமானியில் இரவோடிரவாக மாறும். 2020 ஒக்டோபரில் சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக்கினார்கள். அந்தக் குறைப்பு கடை விலைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்பது பிறகு பெரிய சர்ச்சையானது. 2023 நவம்பரில் திரும்ப 50 ரூபாய். இப்படி ஏறி இறங்கும் வரியைச் சுகாதார வரி என்று யாரும் நம்பமாட்டார்கள். 2017இல் வந்த இனிப்புப் பான வரி பரவாயில்லை, அது சீனியின் கிராம் அளவைப் பார்த்து விழுகிறது. அப்படி விழுந்தால்தான் கம்பனிக்குச் சீனியைக் குறைக்கக் காரணம் இருக்கும்.

உங்கள் குறிப்புக்கு நிலைமை எவ்வளவு மோசம் என்று ஒரு வரி வேண்டுமென்றால்: 2018/19 இலங்கைச் சுகாதார, முதுமை ஆய்வின்படி வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 வீதத்தினருக்கு நீரிழிவு. கிட்டத்தட்ட நாலில் ஒருவர்.

மலிவு என்ற சொல்லையும் சரியாக அளக்க வேண்டும். பொதியின் விலையைப் பார்க்காமல் 10 கிராம் புரதத்துக்கு என்ன விலை என்று போட்டுப் பாருங்கள். கிலோ விலையை 100 கிராமில் உள்ள புரதக் கிராமால் வகுத்தால் விடை வந்துவிடும். கோதுமை மாவுக்குச் சுமார் 10, மைசூர்ப் பருப்பு, கௌபி, பாசிப்பயறு மூன்றுக்கும் 23 முதல் 24, கொண்டைக்கடலைக்கு 20 என்று எடுங்கள். முட்டைக்கு ஒரு முட்டை 6 கிராம். இன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். பக்கற் நூடில்ஸும் கிறீம் பிஸ்கட்டும் கடைசியில் நிற்கும். கலோரி கணக்கில் மட்டும் பார்த்தால் அவை சில படி முன்னேறும். மலிவா இல்லையா என்ற சண்டையே எதை அளக்கிறோம் என்பதில்தான். கீரைக்கு இந்த இரண்டு கணக்கும் நியாயம் செய்யாது, அதைக் கட்டு விலையிலேயே விடுங்கள்.

நெல்லும்புல்லும்:

கணக்கனின் துறைமுகக் கதைக்கு ஒரு திருத்தம். வரி மட்டும் போதாது. மலிவான பதப்படுத்திய உணவின் உண்மையான பலம் அது கெடாது என்பது. ஒரு பிஸ்கட் பக்கற் மாதக்கணக்கில் தட்டில் இருக்கும். தம்புள்ளையிலிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்கு வரும் மரக்கறி, பொலிசாக்கில் அமுக்கி, மேலே ஆளும் ஏறி உட்கார்ந்து வருகிறது. வழியிலும் சந்தையிலும் மூன்றில் ஒரு பங்களவு வீணாகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த வீணின் விலையையும் சேர்த்துத்தான் கொழும்பில் ஒரு கிலோ போஞ்சிக்கு நாம் கொடுக்கிறோம். 2011இல் பிளாஸ்ரிக் கூடையைக் கட்டாயமாக்கப் பார்த்தார்கள். விவசாயிகளும் லொறிக்காரர்களும் எதிர்த்தார்கள், சட்டம் தளர்ந்தது. எதிர்ப்புக்குக் காரணம் மூடத்தனமல்ல. கூடைக்குக் காசு, வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுபோக லொறியில் இடம், இரண்டையும் யார் தலையில் கட்டுவது என்பதற்குப் பதில் இல்லை. மானியம் கொடுக்க நல்ல இடம் கேட்டால் நான் காட்டுவது அந்தக் கூடையைத்தான்.

பேக்கரிமேசை:

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். கன்டீன் எதை விற்கிறது என்பதை முதலில் லேபலில் பாருங்கள், பிறகு சட்டியில்.

பானங்களுக்கு 2016இலிருந்து நிறப் பொட்டு இருக்கிறது. 100 மி.லீ.இல் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. கண்ணி இங்கேதான்: பொட்டு 100 மி.லீ.க்கு, பிள்ளை குடிப்பது போத்தலை. 100 மி.லீ.இல் 10 கிராம் உள்ள 400 மி.லீ. போத்தல் மஞ்சள் பொட்டோடு 40 கிராம் சீனி, எட்டுத் தேக்கரண்டி. வளர்ந்தவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிவப்பை மட்டும் தடை செய்தால் கடைக்காரர் மஞ்சளால் அலுமாரியை நிரப்புவார். போத்தலுக்கு 15 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று உங்கள் குறிப்பில் தனியாக ஒரு வரம்பு போடுங்கள்.

திண்ம உணவுக்கு 2019இல் வந்தது. 100 கிராமில் சீனி 22 கிராம், உப்பு 1.25 கிராம், கொழுப்பு 17.5 கிராம் தாண்டினால் சிவப்பு. சில லேபலில் உப்பு இருக்காது, சோடியம் மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. ஒரு பக்கற் நூடில்ஸில் 1,000 மி.கி. சோடியம் என்று இருந்தால் 2.5 கிராம் உப்பு, ஒரு பெரியவரின் ஒரு நாள் வரம்பான 5 கிராமில் பாதி. அதன் பெரும்பகுதி மசாலாப் பையில்தான். பாதிப் பையைப் போட்டால் அதில் கணிசமான பங்கு போய்விடும்.

கன்டீனில் வெட்டி விற்கும் பாணுக்கும் பணிஸுக்கும் லேபல் கிடையாது, பேக்கரியைத்தான் கேட்க வேண்டும். 450 கிராம் பாணில் மா சுமார் 300 கிராம். மாவுக்கு 2 வீதம் உப்புப் போட்டால் 6 கிராம், அதாவது 100 கிராம் பாணில் 1.3: சிவப்பு எல்லையைத் தாண்டும். 1.5 வீதமாக்கினால் 4.5 கிராம், 100 கிராமில் 1.0: மஞ்சள். இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பேக்கரிக்காரர் ஒரே நாளில் குறைத்தால் மா கையில் ஒட்டும், பாண் பொங்கி இடிந்து உட்காரும். ஈஸ்ட்டின் வேகத்தை அடக்குவது உப்புத்தான். கொழும்புச் சூட்டில் அது இன்னும் ஓடும். ஆகவே 2 வீதத்திலிருந்து 1.8, இரண்டு கிழமை கழித்து 1.65, பிறகு 1.5. ஒவ்வொரு படியிலும் ஈஸ்ட்டைச் சிறிது குறைத்து, பிசையும் தண்ணீரைக் குளிரவைத்துப் போட்டால் போதும். படிப்படியாகக் குறைத்தால் நாக்கும் பழகிவிடும்.

பேஸ்ற்றி வகையைத் திருத்த முடியாது. அடுக்கு வர வேண்டுமென்றால் மாவின் எடையில் பாதிக்கு மேல் மாஜரின் போகும், அதைக் குறைத்தால் அது பேஸ்ற்றி இல்லை. அதைக் கிழமைக்கு ஒரு நாள் என்று ஒதுக்குங்கள். ரோல்ஸைப் பொரிக்காமல் கல்லில் சுட்ட ரொட்டியில் சுற்றிக் கொடுக்கலாம், உள்ளே அதே மீன்கறி. பிள்ளைகளுக்குப் பிடித்தது உறைப்பான மீன்தான், பாண்தூள் அல்ல.

ஹவ்லொக்வாசி:

பேக்கரிமேசைக்குப் பெரிய நன்றி. கடலை, கௌபி அவித்துக் கொடுக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், கன்டீன்காரர் "மத்தியானத்துக்குள் புளித்துப் போகும், மிச்சம் எனக்கு நட்டம்" என்கிறார். அது சரியா? 100 பிள்ளைகளுக்கு எவ்வளவு போட வேண்டும்?

பேக்கரிமேசை:

அவர் சொல்வது சரி, ஆனால் தடுக்கலாம். ஒரு பிள்ளைக்கு 40 கிராம் காய்ந்த பயறு வகை போதும், அவித்தால் 100 கிராமளவு வரும், 8 முதல் 9 கிராம் புரதம். 100 பிள்ளைகளுக்கு 4 கிலோ. முதல் கிழமை 2 கிலோவோடு தொடங்கச் சொல்லுங்கள். முடிந்துபோன சட்டி அவருக்குத் தைரியம் கொடுக்கும், மிஞ்சிய சட்டி அடுத்த நாளே திட்டத்தை மூடிவிடும்.

கொண்டைக்கடலை எட்டு மணித்தியாலம் ஊற வேண்டும். இரவு எட்டுக்கு ஊறவைத்துக் காலை நாலுக்கு அடுப்பில் ஏற்றினால் சரி. பின்னேரமே ஊறவைத்துவிட்டுப் போனால் இந்த வெப்பத்தில் பன்னிரண்டு மணித்தியாலத்தில் நுரை கட்டும், புளிப்பு அங்கேயே தொடங்கிவிடும், பிறகு எவ்வளவு அவித்தும் பயனில்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீரில் அவிக்க வேண்டும். பாசிப்பயறுக்கு இரண்டு மணித்தியாலம் போதும், ஊறவைக்காமலும் அவிக்கலாம். அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும்.

உப்பு அவியும்போது போட வேண்டாம், தாளிக்கும்போது. 10 கிலோ அவித்த கடலைக்கு 50 கிராம் என்றால் 100 கிராமில் அரைக் கிராம், நிறக் கணக்கில் வசதியாக மஞ்சளுக்குள். கையால் அள்ளிப் போட்டால் இது இரண்டு மடங்காகும், அதனால் ஒரு பழைய யோகட் கோப்பையில் 50 கிராமுக்குக் கோடு கீறி வைத்துவிடுங்கள்.

புளிப்பதற்கு முக்கிய காரணம் தேங்காய்ப்பூ. சூடான கடலையில் காலையிலேயே கலந்து மூடி வைத்தால் மூன்று நாலு மணித்தியாலத்தில் கெடும். கடலை, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் இவ்வளவையும் தாளித்துச் சூடாக வைத்துக்கொண்டு, தேங்காய்ப்பூவை இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்னால் விற்கும் அளவுக்கு மட்டும் கலக்கட்டும். சட்டி 60 பாகைக்கு மேல் நிற்க வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்தால் நிற்கும். தேங்காய் சேராத மிச்சத்தை ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து அடுத்த நாள் பருப்பு வடைக்குச் சேர்த்தரைக்கலாம், நட்டம் அதோடு அடங்கும்.

கணக்கன்:

வடை என்றதும் ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். பொரித்த எண்ணெயை அடுத்த நாள் புதியதோடு கலக்கும் பழக்கம் கன்டீனில் இருக்கிறதா என்று கேளுங்கள். நுரை அடங்காமல் நின்றாலோ, பொருள் போடுமுன்பே புகைந்தாலோ, ஆறியபின் பாகுபோல் இழுபட்டாலோ அந்த எண்ணெய் முடிந்துவிட்டது, கலந்தால் புதியதும் கெடும். மலிவு எண்ணெயின் உண்மை விலை இதில்தான் ஒளிந்திருக்கிறது: லீற்றர் மலிவு என்பதால் சட்டி நிறைய ஊற்றுகிறார்கள், நிறைய ஊற்றியதால் கொட்ட மனம் வருவதில்லை. சின்னத் தாச்சி, குறைந்த எண்ணெய், நாள் முடிவில் கொட்டிவிடும் ஒழுங்கு. ஒப்பந்தத்தில் இதை எழுதலாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது காட்டவும் வசதி.

நெல்லும்புல்லும்:

ஒப்பந்தம் என்று வந்ததால் கடைசியாக ஒன்று. கன்டீனை அதிக வாடகை கேட்பவருக்கு ஏலத்தில் கொடுக்கும் பாடசாலைகளில் மேலே சொன்ன எதுவும் நடக்காது. வாடகை ஏறினால் அவர் இலாபம் கூடிய பொருளைத்தான் விற்பார், அது பானமும் பக்கற்றும். உங்கள் குறிப்பின் முதல் பத்தியில் வாடகையைக் குறைக்கும் யோசனையை வையுங்கள்: பயறு வகையும் பழமும் நாளும் விற்றால் மாத வாடகையில் ஒரு பகுதி கழிவு. பெற்றோர் சங்கம் கொடுக்கக்கூடிய மானியம் அதுதான். அதிபர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் கழிவின் தொகையையும் அது எத்தனை பிள்ளைகளுக்குப் பிரியும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.